பைக்கில் சார்ஜர்: வயர் எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐப்பசி மழை இறங்கிவிட்டால் இருசக்கர வாகன ஒர்க்‌ஷாப்புகளில் சில புகார்கள் திரும்பத் திரும்ப வரும். காலையில் செல்ஃப் எடுக்கவில்லை. ஃபியூஸ் மாற்றினால் இரண்டு நாளில் மறுபடியும் போகிறது. ஹார்ன் அடித்தால் மீட்டர் மங்குகிறது. இப்படி வரும் பல வண்டிகளின் ஹேண்டில் பாரில், செல்போனுக்கு சார்ஜ் ஏற்ற ஒரு யு.எஸ்.பி. சாக்கெட் இருக்கும். சாக்கெட்டைச் சோதித்தால் பெரும்பாலும் அதில் கோளாறு இருக்காது. அதற்குக் கரன்ட் கொடுக்கும் வயரை எங்கே கோத்திருக்கிறார்கள் என்று ஹெட்லைட்டைக் கழற்றிப் பார்த்தால்தான் விஷயம் வெளியே வரும். "பேட்டரி போச்சு" என்று சொல்லிப் புதிய பேட்டரி விற்றுவிடுவது சுலபம். கோத்த இடம் மாறாதவரை அந்தப் பேட்டரியும் சீக்கிரமே இறங்கி நிற்கும்.

பைக்கில் சார்ஜர் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. உணவு, மளிகை, பார்சல் கொண்டுபோய்க் கொடுப்பவர்களுக்குப் போன் அணைந்தால் அன்றைய சம்பளமும் அணைந்துவிடும். ஓட்டும்போது போனைக் கையில் பிடிப்பது குற்றம்தான்; ஆனால் கவனம் சிதறாத வகையில் வழி பார்ப்பதற்கு மட்டும் பயன்படுத்த 2020 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்த மோட்டார் வாகன விதித் திருத்தம் இடம் தருகிறது. ஆகவே ஹோல்டரும் சார்ஜரும் இன்று ஆடம்பரம் அல்ல. பொருத்தும் முறைதான் சரியில்லை.

வழக்கமாக நடப்பது இதுதான். ஆக்சசரீஸ் கடையில் ஹெட்லைட்டைக் கழற்றுவார்கள். டெஸ்ட் லேம்ப்பை வைத்து எந்த வயரில் கரன்ட் வருகிறது என்று குத்திப் பார்ப்பார்கள். லேம்ப் எரிந்த வயரின் மேல்தோலைச் சுரண்டி, சார்ஜரின் சிவப்பு வயரை அதில் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றிவிடுவார்கள். கறுப்பு வயர் ஏதாவது ஒரு போல்ட்டுக்கு அடியில் போகும். பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும். போனில் சார்ஜ் ஏறும் படம் வந்ததும் வாடிக்கையாளருக்கும் திருப்தி.

டெஸ்ட் லேம்ப், திசை மாறிக்கொண்டே இருக்கும் ஏ.சி. கரன்ட்டிலும் எரியும், பேட்டரி தரும் ஒரே திசை டி.சி. கரன்ட்டிலும் எரியும் என்பதுதான் இதில் முதல் சிக்கல். பழைய 100 சிசி வண்டிகள் பலவற்றில் ஹெட்லைட்டுக்குக் கரன்ட் பேட்டரியிலிருந்து போகாது. இன்ஜின் சுழலும்போது கரன்ட் உண்டாக்கும் மேக்னட் காயிலிலிருந்து நேராக ஏ.சி.யாகப் போகும். ஆக்சிலேட்டர் கொடுத்தால் வெளிச்சம் ஏறும், விட்டால் இறங்கும் வண்டிகள் எல்லாம் அந்த ரகம். அந்த வயரில் டி.சி. சார்ஜரைக் கோத்தால் ஐட்லிங்கில் சார்ஜ் விட்டுவிட்டு ஏறும். கொஞ்ச நாளில் சார்ஜரின் உள்ளே இருக்கும் டயோடோ கெப்பாசிட்டரோ போய்விடும். மல்டிமீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்துப் பார்த்தால் நிலையான 12 வோல்ட் காட்டாது, ஏ.சி.யில் வைத்தால் காட்டும். எந்தக் கடையிலும் கிடைக்கும் மல்டிமீட்டர் இதற்குப் போதும். ஆனால் அதைக் கையில் எடுக்காமலேயே வயரிங் வேலை நடக்கிறது.

இரண்டாவது சிக்கல், சாவியை அணைத்தாலும் கரன்ட் நிற்காத வயர். அல்லது "பேட்டரியிலிருந்தே நேராக எடுத்துட்டேன், ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று கடைக்காரரே பெருமையாகச் சொல்லும் இணைப்பு. போன் செருகாவிட்டாலும் சார்ஜரின் உள்ளே இருக்கும் சர்க்யூட் கொஞ்சம் கரன்ட் குடித்துக்கொண்டேதான் இருக்கும். நீல எல்.இ.டி. விளக்கும் வோல்ட் மீட்டரும் சேர்ந்த மாடல் என்றால் 20 மில்லி ஆம்பியர் என்பது சாதாரணம். ஒரு நாளைக்கு 24 மணி நேரம் என்றால் அது 0.48 ஆம்பியர்-மணி. 100 சிசி வண்டியின் பேட்டரி 3 அல்லது 4 ஆம்பியர்-மணிதான். 3 ஆம்பியர்-மணி பேட்டரி ஆறு நாளில் முற்றிலும் காலி. செல்ஃப் எடுக்கத் தேவையான தெம்பு அதற்கு வெகு முன்பே, மூன்றாம் நான்காம் நாளிலேயே போய்விடும். தினமும் ஓட்டுகிறவருக்கு இது தெரியாது. ஓடும்போது திரும்ப ஏறிவிடும். வண்டியை நிறுத்திவிட்டு ஊருக்குப் போய் வந்தவர்தான் மாட்டிக்கொள்வார். அடிக்கடி இப்படி அடிவரை இறங்கும் லெட்-ஆசிட் பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிந்து கெட்டியாகிவிடும். பிறகு எவ்வளவு ஏற்றினாலும் பழைய கொள்ளளவு வராது.

உங்கள் வண்டியில் ஏற்கெனவே சாக்கெட் இருந்தால் இப்போதே சோதித்துப் பார்க்கலாம். சாவியை எடுத்துவிட்டு ஒரு நிமிடம் கழித்துச் சாக்கெட்டின் விளக்கைப் பாருங்கள். எரிந்துகொண்டிருந்தால் நேரடி இணைப்பு. விளக்கு இல்லாத மாடல் என்றால் போனைச் செருகிப் பாருங்கள்.

மூன்றாவதுதான் மோசமானது: ஃபியூஸ் இல்லாத வயர், அல்லது இடம் மாறிய ஃபியூஸ். சில சார்ஜர்களில் ஃபியூஸ் சாக்கெட்டின் அருகிலேயே, ஹேண்டில் பார் பக்கம் இருக்கும். பேட்டரி சீட்டுக்கு அடியிலோ சைடு கவருக்குள்ளோ இருக்கும். இரண்டுக்கும் நடுவே ஒரு மீட்டருக்கு மேல் வயர், பெட்ரோல் டேங்கின் அடியாகப் போகிறது. டேங்கின் விளிம்பு உரசி அந்த வயரின் தோல் கிழிந்து ஃபிரேமில் பட்டால், சாக்கெட் பக்கம் இருக்கும் ஃபியூஸ் ஒன்றும் செய்யாது. கரன்ட் அந்த ஃபியூஸ் வரை போகவே போவதில்லையே! சின்ன பேட்டரிதானே என்று நினைக்கக் கூடாது. செல்ஃப் மோட்டாருக்குப் பல பத்து ஆம்பியர் தள்ளும் பேட்டரி அது. மெல்லிய வயர் சில நொடிகளில் பழுத்து, மேல்தோல் உருகி, பக்கத்தில் போகும் வயர்களையும் சேர்த்து ஒட்டவைத்துவிடும். ஃபியூஸ் சாக்கெட்டைக் காப்பாற்றுவதற்கு என்று பலர் நினைக்கிறார்கள். அது வயரைக் காப்பாற்றுவதற்கு. ஆகவே வயர் தொடங்கும் இடத்தில், பேட்டரியின் ப்ளஸ் முனையிலிருந்து ஒரு சாணுக்குள் அது இருக்க வேண்டும்.

எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பதற்குக் கணக்கு எளிது. 5 வோல்ட்டில் 3 ஆம்பியர் கொடுக்கும் சார்ஜர் 15 வாட் தருகிறது. மாற்றும்போது ஆகும் இழப்பையும் சேர்த்தால் பேட்டரியிலிருந்து 17, 18 வாட் எடுக்கும். 12 வோல்ட்டால் வகுத்தால் ஏறக்குறைய 1.5 ஆம்பியர். இதற்கு 3 ஆம்பியர் பிளேடு ஃபியூஸ் போதும். ஊதா நிறத்தில் இருக்கும். 18 வாட் ஃபாஸ்ட் சார்ஜ் இரண்டு துளைகளிலும் ஒரே நேரத்தில் ஓடும் சார்ஜர் என்றால் 3.5 ஆம்பியர் வரை போகும். அதற்கு வெளிர்பழுப்பு நிற 5 ஆம்பியர். ஃபியூஸ் போகிறது என்பதற்காகச் சிவப்பு 10 ஆம்பியரையோ நீல 15 ஆம்பியரையோ செருகுவது, சிகரெட் அட்டையின் வெள்ளித்தாளைச் சுற்றி வைப்பதற்குச் சமம்.

சரியான முறைக்கு வருகிறேன். தேவையானவை: மூடியுள்ள பிளேடு ஃபியூஸ் ஹோல்டர் ஒன்று, நாலு பின் 12 வோல்ட் ரிலே (சிறிய கரன்ட்டால் பெரிய கரன்ட்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) ஒன்று அதைச் செருகும் கப்ளரோடு, சிவப்பிலும் கறுப்பிலும் 1 ஸ்கொயர் எம்.எம். பல இழைச் செம்பு வயர் இரண்டிரண்டு மீட்டர், பேட்டரி போல்ட் அளவுக்கு வளைய லக் (வயர் முனையில் நசுக்கி மாட்டும் உலோக வளையம்) இரண்டு, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் (சூடு காட்டினால் சுருங்கி இறுகும் உறை), வயருக்கு மேல் மாட்ட நெளி பிளாஸ்டிக் குழாய், கேபிள் டை. சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் எல்லாமே கிடைக்கும். மற்ற ஊர்களில் ஆட்டோ எலெக்ட்ரிகல் கடைகளில் கேட்கலாம். சாக்கெட் நீங்கலாக மற்றவற்றுக்கெல்லாம் சேர்த்துச் சில நூறு ரூபாய்தான்.

வயர் வாங்கும்போது ஒரு இழையைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளேயும் செம்பு நிறமே இருந்தால் நல்லது. வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். நாலு முறை வளைத்தால் ஒடியும். மழைக்காற்று பட்டால் முனையில் வெள்ளைப் பொடி பூக்கும். ஹேண்டில் திரும்பும் ஒவ்வொரு முறையும் வளையும் இடத்தில் அதைப் போடவே கூடாது.

பொருத்துவதற்கு முன்னால் வண்டி சரியாக சார்ஜ் கொடுக்கிறதா என்று பார்த்துவிடுவது உத்தமம். இன்ஜினை 3,000, 4,000 ஆர்.பி.எம். அளவில் வைத்து, பேட்டரி முனைகளில் மல்டிமீட்டரை வையுங்கள். 13.8-க்கும் 14.5-க்கும் நடுவே காட்ட வேண்டும். 15-ஐத் தாண்டினால், காயிலின் கரன்ட்டை டி.சி.யாக்கி வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் ஆர்.ஆர். யூனிட் கோளாறு, அதைச் சரிசெய்யாமல் சார்ஜரைப் போடக் கூடாது. 13-க்குக் கீழே நின்றால் காயில், ஆர்.ஆர். யூனிட், பேட்டரி மூன்றில் ஏதோ ஒன்று சரியில்லை. அந்த நிலையில் கூடுதல் சுமை ஏற்றக் கூடாது.

வேலையைத் தொடங்கும்போது பேட்டரியின் மைனஸை முதலில் கழற்ற வேண்டும்; மாட்டும்போது மைனஸைக் கடைசியில் மாட்ட வேண்டும். மைனஸ் இருக்கும்போது ப்ளஸ் போல்ட்டைக் கழற்றினால், ஸ்பேனரின் மறுமுனை ஃபிரேமில் பட்டதும் பொறி பறக்கும். இதைத் தெரிந்த மெக்கானிக்குகளே அவசரத்தில் மாற்றிச் செய்கிறார்கள்.

ரிலேயின் அடியில் எண்கள் போட்டிருக்கும். பேட்டரி ப்ளஸிலிருந்து ஃபியூஸ் வழியாக வரும் வயர் 30-க்கு. 87-லிருந்து சாக்கெட்டின் ப்ளஸுக்கு. 85 பேட்டரி மைனஸுக்கு. 86-க்குச் சாவி போட்டால் மட்டும் கரன்ட் வரும் ஒரு வயரிலிருந்து சிறிய இணைப்பு. அவ்வளவுதான். சாவியைத் திருப்பியதும் ரிலே "டக்" என்று ஒரு சத்தம் கொடுக்கும். சாக்கெட்டில் 12 வோல்ட் வரும். சாவியை எடுத்தால் இன்னொரு "டக்", சாக்கெட்டில் பூஜ்யம். ரிலேயின் காயில் எடுப்பது ஏறக்குறைய 0.15 ஆம்பியர், அதுவும் சாவி போட்டிருக்கும்போது மட்டும். ஆகவே அந்தச் சிறிய இணைப்பால் கம்பெனி வயருக்கு ஒரு பாதிப்பும் இல்லை.

கடையில் நாலு பின் இல்லை என்று ஐந்து பின் ரிலே கொடுத்தால் ஜாக்கிரதை. அதன் நடுப் பின்னில் 87ஏ என்று இருக்கும். அது தலைகீழ்: சாவி இல்லாதபோது கரன்ட் தரும், சாவி போட்டதும் நிறுத்திவிடும். சாக்கெட்டை அதில் கோத்துவிட்டு, வண்டி ஓடும்போது சார்ஜ் ஏறவில்லை, நிறுத்தினால் ஏறுகிறது என்று புலம்புகிறவர்கள் உண்டு. நடுப் பின்னை அப்படியே காலியாக விட்டு, அதன் மேல் ஸ்லீவ் போட்டுவிட வேண்டும்.

86-க்கு எந்த வயர்? பின் பிரேக் சுவிட்சுக்கு வரும் வயர் வசதியானது. பல வண்டிகளில் பேட்டரிக்குப் பக்கத்திலேயே கிடைக்கும். அந்தச் சுவிட்சில் இரண்டு வயர் இருக்கும். பிரேக் மிதிக்காமலேயே, சாவி போட்டதும் 12 வோல்ட் காட்டுவது ஒன்று. மிதித்தால் மட்டும் காட்டுவது இன்னொன்று. நமக்கு வேண்டியது முதலாவது. மாற்றிக் கோத்தால் பிரேக் பிடிக்கும்போது மட்டும் போன் சார்ஜ் ஏறும். சிரிப்பாக இருந்தாலும் நடக்கிறது. ஹார்னின் வயரை எடுப்பதாக இருந்தால் கவனம் தேவை. சில வண்டிகளில் ஹார்னுக்கு ப்ளஸ் எப்போதும் நிற்கும், பட்டன் மைனஸைக் கொடுக்கும். சிலவற்றில் பட்டன் வழியாகவே ப்ளஸ் வரும். மீட்டர் வைத்துப் பார்க்காமல் வயரின் நிறத்தை மட்டும் நம்பக் கூடாது. ஹெட்லைட் வயர் இதற்கு உதவாது. 2017 ஏப்ரல் 1 முதல் வரும் வண்டிகளில் ஹெட்லைட் தானாக எரிவதால், இன்ஜின் ஓடினால்தான் அதில் கரன்ட் வரும் மாடல்கள் நிறைய இருக்கின்றன.

தொடவே கூடாத வயர்கள், இ.சி.யு. என்ற இன்ஜின் கட்டுப்பாட்டுக் கம்ப்யூட்டருக்கும் ஃபியூயல் பம்புக்கும் போகிறவை. 2020 ஏப்ரலில் பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகு 100 சிசி வண்டிகள்கூடப் பெரும்பாலும் ஃபியூயல் இன்ஜெக்‌ஷனுக்கு மாறிவிட்டன. கார்பரேட்டர் காலத்தில் வயரிங் கோளாறு என்றால் ஹார்ன் அடிக்காது, இண்டிகேட்டர் எரியாது. கிக்கரை உதைத்து வீடு போய்ச் சேரலாம். இன்று பம்புக்குப் போகும் வயரில் முறுக்கிய ஜாயின்ட் தளர்ந்தால் மேம்பாலத்தின் நடுவிலேயே இன்ஜின் அணைந்துவிடும். பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பல வண்டிகளில் சிரமம். வாரண்டி காலத்தில் இருக்கும் வண்டியில் கம்பெனி வயரிங்கை வெட்டியிருந்தால் சர்வீஸ் சென்டர் கையை விரித்துவிடும் என்பதையும் சொல்ல வேண்டும்.

1.5 ஆம்பியர் எடுக்கும் சின்ன சார்ஜருக்கு ரிலே கட்டாயமா என்று கேட்டால், இல்லை. சாவி சுவிட்ச் அதைத் தாங்கும். பிரேக் சுவிட்ச் வயரிலிருந்தே எடுத்து, எடுத்த இடத்திலேயே 2 ஆம்பியர் சாம்பல் நிற ஃபியூஸ் போட்டால் வேலை நடக்கும். ஆனால் அதைவிட ரிலே நல்லது. சார்ஜர் பக்கம் என்ன கோளாறு வந்தாலும் அதன் ஃபியூஸ் மட்டும் போகும். பிரேக் லைட்டும் ஹார்னும் பாட்டுக்கு வேலை செய்துகொண்டிருக்கும். கொஞ்சம் கூடுதல் செலவில் கிடைக்கும் அந்த நிம்மதியை விடுவானேன்?

சில வண்டிகளில் இந்தப் பாடே தேவையில்லை. கே.டி.எம். வண்டிகள் பலவற்றில் கூடுதல் பொருட்களுக்கென்றே ஏ.சி.சி.-1, ஏ.சி.சி.-2 என்று இரண்டு இணைப்புகள் கம்பெனியிலேயே விடப்பட்டிருக்கும். முதலாவதில் கரன்ட் எப்போதும் இருக்கும். இரண்டாவது சாவியோடு வந்து போகும். சார்ஜருக்கு இரண்டாவது. ராயல் என்ஃபீல்டு மீட்டியர் 350, 2021-இல் வந்த புதிய கிளாசிக் 350, ஹீரோ ஸ்பிளெண்டர் பிளஸ் எக்ஸ்டெக் போன்றவை யு.எஸ்.பி. துளையோடே வருகின்றன. அந்த வண்டிகளுக்கும் இன்னொரு சார்ஜரை வாங்கி மாட்டுகிறவர்களைப் பார்க்க முடிகிறது. மூடிக்குள் துளை இருப்பதையே கவனித்திருக்க மாட்டார்கள்.

மைனஸ் வயரை அலட்சியம் செய்கிறார்கள். ஹேண்டில் பார் போல்ட்டில் எர்த் எடுத்தால், கரன்ட் திரும்பிப் போகும் வழியில் பெயின்ட், துரு, ஸ்டியரிங் பேரிங்கின் கிரீஸ் எல்லாம் குறுக்கே நிற்கும். பள்ளத்தில் இறங்கும்போது சார்ஜ் விட்டுவிட்டு ஏறுவதற்கு இது ஒரு பெரிய காரணம். கறுப்பு வயரைப் பேட்டரி மைனஸ் வரை கொண்டுபோய்விட்டால் இந்தத் தொல்லை கிடையாது. இரண்டு மீட்டர் வயருக்கு யோசிக்க வேண்டாம்.

ஜாயின்ட்டுகளைப் பற்றி. முறுக்கி டேப் சுற்றுவது நம் ஊர் வெயிலுக்கு ஆகாது. டேங்கின் அடியில் இன்ஜின் சூடும் சேர்ந்து டேப்பின் பசை உருகி, டேப் நழுவி, கையில் பிசுபிசுக்கும் கறுப்பு மட்டும் மிஞ்சும். சால்டர் வைத்தால் நல்லது என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: ஈயம் இழைகளுக்குள் ஊறி வயரைக் கம்பி மாதிரி விறைக்க வைத்துவிடும், அது முடிந்து இழைகள் தொடங்கும் எல்லையில் இன்ஜின் அதிர்வுக்கு ஒடியும். அதிரும் இடத்தில் சரியான கிரிம்பிங் பிளேயரால் நசுக்கிய லக்கே மேல். நசுக்கியபின் கையால் பலமாக இழுத்துப் பாருங்கள். கழன்று வந்தால் இப்போதே வரட்டும். அதற்கு மேல் ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ். வயரை வெட்டாமலேயே ஜாயின்ட் போடலாம் என்று விற்கும் நீலக் கிளிப்புகள் உள்ளே இருக்கும் தகட்டால் இழைகளைக் கடித்துவிடும், பைக்குக்கு வேண்டாம்.

வயரைக் கொண்டுபோகும் பாதையில் கம்பெனி வயரிங் கட்டையே பின்தொடர்வது நல்ல வழி. சைலன்சர், இன்ஜின் ஹெட் பக்கம் போகக் கூடாது. டேங்கைத் திரும்ப வைக்கும்போது ரப்பர் புஷ்ஷுக்கும் ஃபிரேமுக்கும் இடையே வயர் நசுங்குகிறதா என்று கையை விட்டுத் தடவிப் பாருங்கள். ஸ்டியரிங் கழுத்துப் பக்கம் கொஞ்சம் தளர்வாக விட்டு, ஹேண்டிலை இடது கோடி, வலது கோடி இரண்டுக்கும் திருப்புங்கள். வயர் எங்கும் இழுபடக் கூடாது. ஆக்சிலேட்டர் கேபிளில் சிக்கவும் கூடாது. ஹேண்டிலைத் திருப்பும்போது இன்ஜின் வேகம் ஏறினால் கேபிள் டையை வெட்டிவிட்டு மறுபடியும் கட்டுங்கள்.

சாக்கெட்டில் எதை வாங்குவது? சிகரெட் லைட்டர் வடிவச் சாக்கெட்டை போன் சார்ஜுக்காகப் போட வேண்டாம். அதில் செருகும் அடாப்டர் ஸ்பிரிங்கை நம்பி நிற்கிறது. பைக்கின் அதிர்வில் நழுவிக்கொண்டே இருக்கும். நடு முனை வளைந்து ஓரத்து உலோகத்தில் பட்டால் ஃபியூஸ் போகும். நேராக யு.எஸ்.பி. துளை உள்ளதே சரி. டயருக்குக் காற்றடிக்கும் பம்புக்காக லைட்டர் சாக்கெட் கேட்பவர்களும் உண்டு. அந்தப் பம்ப் 8, 10 ஆம்பியர் வரை இழுக்கும். அதற்கு 15 ஆம்பியர் ஃபியூஸும் 2.5 ஸ்கொயர் எம்.எம். வயரும் தேவை. 3, 4 ஆம்பியர்-மணி பேட்டரி உள்ள வண்டியில் அந்த ஆசையே வேண்டாம். 350 சிசி வண்டியின் 8 ஆம்பியர்-மணி பேட்டரி என்றாலும் இன்ஜினை ஓடவிட்டு, பேட்டரியிலேயே கிளிப் போட்டு அடிப்பதுதான் நல்லது.

மலிவான சார்ஜர்கள் சிலவற்றைத் திறந்தால் உள்ளே 7805 என்ற மூன்று கால் ரெகுலேட்டர் ஒன்றுதான் இருக்கும். 14 வோல்ட்டை 5 வோல்ட்டாக்க அது மிச்ச 9 வோல்ட்டையும் சூடாக்கித் தள்ளுகிறது. போன் 1 ஆம்பியர் எடுத்தால் 9 வாட் வெப்பம், காற்றுப் புகாத ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குள். சூடேறியதும் தானே நிறுத்திக்கொள்ளும், ஆறியதும் மறுபடி தொடங்கும். "கொஞ்ச நேரம் ஏறுது, நின்னுடுது" என்றால் இதுவாக இருக்கலாம். வண்டியில் மாட்டுவதற்கு முன் பேட்டரியில் கையாலேயே பிடித்துக் கோத்து, போனைச் செருகிக் கால் மணி நேரம் விடுங்கள். வெதுவெதுப்பு சரி. விரல் வைக்க முடியாவிட்டால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளீடு 24 வோல்ட் அல்லது அதற்கு மேல் தாங்கும் என்று எழுதியிருப்பதை எடுங்கள். ஓடும் வண்டியில் பேட்டரி முனை தளர்ந்தால் ஒரு கணம் வோல்டேஜ் தாறுமாறாக எகிறும்.

சார்ஜ் மெதுவாக ஏறுகிறது என்ற புகாருக்கு வண்டி காரணமாக இருப்பது குறைவு. யு.எஸ்.பி.யின் நடு இரண்டு முனைகளும் முறைப்படி இணைக்கப்படாத சார்ஜரைப் போன் ஒரு கம்ப்யூட்டர் துளை என்று எண்ணி அரை ஆம்பியருக்கு மேல் எடுக்காது. வெயிலில் திரை முழு வெளிச்சத்தில், மேப்பும் ஓடிக்கொண்டிருந்தால் அந்த அரை ஆம்பியர் செலவுக்கே பற்றாது. மெல்லிய கேபிளும் ஒரு காரணம், மாற்றிப் பாருங்கள். போன் சூடேறினால் அதுவே சார்ஜைக் குறைத்துக்கொள்ளும். சித்திரை மதியத்தில் ஹோல்டரில் வெயில் படும்படி வைத்துவிட்டு சார்ஜரைக் குறைசொல்லிப் பயனில்லை. இன்ஜின் அதிர்வு ஐபோனின் கேமராவைப் பாதிக்கக்கூடும் என்று ஆப்பிள் நிறுவனமே 2021-இல் எச்சரித்தது. அதிர்வைக் குறைக்கும் ரப்பர் வைத்த ஹோல்டருக்குக் கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம்.

மழை விஷயம். தூசியும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐ.பி.67 என்று அட்டையில் போட்டிருந்தாலும் ரப்பர் மூடி சரியாக மூடியிருந்தால்தான் தண்ணீர் புகாது. கேபிள் செருகியிருக்கும்போது மூடி திறந்துதான் இருக்கும். சாக்கெட்டின் வாய் கீழ்நோக்கியோ பக்கவாட்டிலோ இருக்கட்டும், வானத்தைப் பார்த்து வேண்டாம். சாக்கெட்டுக்குள் போகும் வயரை அதற்குக் கீழே ஒரு முறை தொங்கவிட்டு மேலேற்றினால் வயர் வழியாக வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். ஈரமான துளையில் கரன்ட் நின்றுகொண்டே இருந்தால் முனைகளின் பூச்சு கரைந்து பச்சை பூத்துவிடும். டைப்-சி துளையில் முனைகள் நெருக்கமாக இருப்பதால் அது இன்னும் சீக்கிரம் நடக்கும். சாவியோடு அணைய வேண்டும் என்று மேலே சொன்னதற்கு இதுவும் ஒரு காரணம். வாட்டர் வாஷ் கொடுக்கும்போது சாக்கெட்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டச் சொல்லுங்கள். மழையைவிட அந்தப் பம்பின் வேகம்தான் அதிகம்.

மின்சார ஸ்கூட்டர் வைத்திருப்பவர்கள் மேலே சொன்ன எதையும் பேட்டரியில் செய்து பார்க்க வேண்டாம். அதன் பெரிய பேட்டரி பெரும்பாலும் 48-லிருந்து 72 வோல்ட் வரை இருக்கும். அதில் ஒரு பகுதியை மட்டும் பிரித்து 12 வோல்ட் எடுப்பது செல்களின் சமநிலையைக் கெடுத்து, தீ விபத்துக்கே வழி செய்யும். விளக்குக்கும் ஹார்னுக்கும் 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் அதில் தனியாக உண்டு. அந்தப் பக்கத்திலிருந்து எடுக்க முடியுமா, எவ்வளவு தாங்கும் என்று கம்பெனி சர்வீஸில் கேட்டுச் செய்வதுதான் முறை.

இருசக்கர வாகனங்களை ஓசூரிலும் ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இங்கேயே தயாரிக்கிறார்கள். விலை கூடிய மாடல்களில் மட்டும் யு.எஸ்.பி. கொடுக்கிறார்கள், நாள் முழுக்கப் போனை நம்பி ஓடுகிறவரோ பெரும்பாலும் விலை குறைந்த மாடலைத்தான் வாங்குகிறார். எல்லா மாடலிலும் சாக்கெட்டே வைக்கச் சொல்லிக் கேட்கவில்லை. ஹெட்லைட்டுக்குப் பின்னால் சாவியோடு கரன்ட் வரும் ஒரு இரண்டு பின் கப்ளரும், ஃபியூஸ் பெட்டியில் அதற்கென்று ஒரு 5 ஆம்பியர் இடமும் விட்டால் போதும். அதன் இடத்தை வண்டியோடு தரும் கையேட்டில் தமிழில் குறிப்பிட வேண்டும். எந்த வயரையும் சுரண்டாமல் யாரும் சார்ஜர் பொருத்திக்கொள்ளலாம்.

அதுவரை, தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் 30, 85, 86, 87 என்ற அந்த நாலு பின் இணைப்பை ஒரு கோட்டுப் படமாக, பேட்டரிக்குப் பக்கத்தில் ஃபியூஸ் இருப்பது தெளிவாகத் தெரியும்படி வெளியிடக் கேட்டுக்கொள்கிறேன். ஆக்சசரீஸ் கடைக்குப் போகும்போது வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்ட உதவும்.

இப்படிக்கு,
ஆட்டோ எலெக்ட்ரீஷியன் ஒருவர்,
திருச்சி